விலையில்லாச் சீட்டு

மூன்றரை அலாரத்துக்கு முன்பே விழித்துவிடுவது
பதினேழு வருடப் பழக்கம்.
பக்தி என்று சொல்லமாட்டேன்,
முதல் நடை நாலு ஐம்பதுக்கு.
சமையலறை டியூப்லைட் இரண்டு முறை கண்சிமிட்டி எரியும்.
சிமெண்டுத் தரையில் சாக்கை மடித்துப் போட்டு
முழங்காலிடுவேன். இடது முட்டி சத்தம் போடும்.
கறுப்பு அட்டைப் புத்தகத்தில் ஓர் அதிகாரம்,
சில நாள் பாதி,
தூக்கம் சொக்கினால் ஒரே வரி மூன்று தடவை.
புரண்டு படுத்தபடியே தங்கபுஷ்பம் ஆமென் என்பாள்,
நான் முடிப்பதற்கு முன்பே.

பெரியார் நிலையத்தில் முத்திருளாண்டி
வண்டிக்குச் சூடம் காட்டி முடிப்பதற்குள்
கைக்காசு நூற்றிருபது என்று
வே-பில் தாளில் எழுதிவிடுவேன்.
ஏறும்போதே உன் காசு எவ்வளவென்று சொல்லிவிடு,
மற்றதெல்லாம் உன்னுடையதல்ல.
ஞாயிறு ட்யூட்டி விழுகிற வாரங்களில்
இதுதான் எனக்குப் பிரசங்கம்.

சில்லறை இல்லாவிட்டால்
சீட்டின் முதுகில் எழுதித் தருவேன்:
மூன்று, எட்டு, நாற்பது.
மறந்து இறங்குகிறவர்களை
ஜன்னல் வழியே கூப்பிட்டு, கேட்காவிட்டால்
பின்னாலேயே ஓடியிருக்கிறேன்.
'ஒத்த ரூவாய்க்கு இம்புட்டு ஓட்டமா ஞானதுரை' என்று
முத்திருளாண்டி ஹாரன் அடிப்பான்.
எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.
அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு வியாழன். செக்கானூரணியில் நெருக்கடி.
முருங்கைக்காய்க் கட்டு மூன்றோடு ஒரு பெண்,
கட்டு வழியை அடைத்து நின்றது.
லக்கேஜுக்குக் காசு கேட்டேன்.
சுருக்குப் பையில் தேடினாள், தேடிக்கொண்டேயிருந்தாள்.
'ஓசியில வர்றதுக்கு ஒம்பது மூட்டை'
என்றது வாய்.
விடிகாலையில் தோத்திரம் சொன்ன அதே வாய்.

வண்டி முழுக்கச் சிரித்தது.
அவள் காசைக் கண்டெடுத்து, எண்ணி, என் உள்ளங்கையில் வைத்தாள்.
காளவாசலில் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள்.
நான் விசில் ஊதினேன்.

அன்றிரவு டெப்போவில் கணக்கு
பைசா பிசகாமல் நேரானது.
அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் சாக்கின் மேல்
கடனை மன்னிக்கக் கேட்கும் இடம் வந்ததும்
தொண்டை அடைத்துக்கொண்டது.
நான் என்ன கட்டணம் கட்டி ஏறினேன்?
எத்தனை மூட்டையோடு?
ஏறின இடத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை
ஓசிதானே, ஞானதுரை,
ஓசிதானே.
இத்தனை வருடம் முழங்காலிட்டதைக்
கட்டணம் என்று நினைத்திருந்தேன்.
இல்லை, விலையில்லாததற்கும் ஒரு சீட்டு உண்டு.
இறங்கும்வரை
அதைத் தொலைக்காமல் வைத்திருப்பது,
அவ்வளவுதான்.

செவ்வாயன்று வந்தாள், ஒரே ஒரு கட்டோடு.
சீட்டைக் கிழிக்கும் முன் காசை நீட்டினாள்.
'எனக்குக் காசுச் சீட்டே குடு.'
அந்தச் சொல்லை எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ
அவ்வளவு சத்தமாக மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன்.
பாதிச் சத்தம்தான் வந்தது.
'அன்னைக்கு நான் பேசுனது தப்பும்மா.'
அவள் நாகமலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.
விலையில்லாச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.
காளவாசலில் பத்து ரூபாயை இருக்கையில் வைத்துவிட்டு
இறங்கிப் போனாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை.
பைக்குள் போட்டேன், வேறெங்கே போட.

அரசரடியில் செக்கிங் ஏறினார்.
எண்ணினார். பத்து ரூபாய் அதிகம்.
'யார் காசு இது?'
கண்ணாடி வழியே முத்திருளாண்டி என்னைப் பார்த்தான்.
'என் கடன் சார்.'
அப்படியொரு கட்டம் தாளில் இல்லை.
மெமோ எழுதினார்.

மெமோவின் நகல் கறுப்பு அட்டைக்குள் இருக்கிறது,
நேற்று விட்ட பக்கத்தைக் காட்ட உதவுகிறது.
அவள் செவ்வாய்க்குச் செவ்வாய் வருகிறாள்.
பேசுவதில்லை.
கட்டை ஏற்றும்போது குனிந்து ஒரு கை கொடுக்கிறேன்.
இடது முட்டி சத்தம் போடுகிறது.